தலை தெரிந்த பிறகு முப்பது

நான் வேலையிலிருந்து இளைப்பாறி இரண்டு வருடம் ஆகப்போகிறது. இப்போது என் இடத்தில் இருக்கிற தேவராசா தம்பி போன மாதம் ஒரு கடிதம் போட்டிருந்தார். குளத்துத் துருசுகளுக்குள் மூச்சுப் பிடித்து இறங்குகிற ஆட்களுக்கான விதிகளை நீர்ப்பாசனக் கந்தோரில் தட்டச்சில் அடிக்கப் போகிறார்களாம். நான் விட்டுவந்த பழைய தாளைப் பார்த்து எழுதினால் பத்து விதி வருகிறதாம். ஒன்பது விளங்குகிறது, பத்தாவதுதான் விளங்கவில்லை என்கிறார். "ஆள் மேலே வந்து தலை தெரிந்த பிறகும் முப்பது எண்ண வேண்டும், கேள்வி கேட்டுப் பதில் வாங்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். தலை தெரிந்தால் ஆள் தப்பிவிட்டான்தானே அண்ணை? அந்த வரியை எடுத்துவிடலாமா?"

கடிதத்தை மடித்து அலுமாரிக்குள் வைத்தேன். அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை. "எடுக்க வேண்டாம்" என்று ஒரே வரியில் மறுமொழி போட்டிருக்கலாம். ஆனால் எதற்கென்று தெரியாத விதியை ஒருவரும் கனநாள் வைத்திருக்க மாட்டார்கள். மழைக்காலத்தில் ஒருநாள் அவசரம் வரும், அன்றைக்கு அதைத்தான் முதலில் விடுவார்கள். நானே அப்படி விட்டவன். அதனால்தான் தொழிலாளர் மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டவர்களுக்கு இதையே எழுதிக் கொடுக்கிறேன். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்.

ஐயா, என் தகப்பனார், குடியேற்றத் திட்டத்தில் கிடைத்த வயலுக்காக யாழ்ப்பாணத்தை விட்டுக் கிளிநொச்சிப் பக்கம் வந்தபோது எங்கள் காணியைச் சுற்றிக் காடுதான் இருந்தது. அங்கே பள்ளிக்கூடம் கட்டப்பட்ட நேரம் எனக்கு மீசை வந்துவிட்டது. அதற்குப் பிறகு குளத்து வேலைக்குப் போனேன். குளக்கட்டில் புல்லு வெட்டுவது, கல் அடுக்குவது, மழைக்கு முன் எலிப் பொந்து அடைப்பது. நாலைந்து வருடம் அப்படியே போனது. சொல்ல ஒன்றுமில்லை.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே பயம் கூட. ஐயா பரந்தன் சந்திக்குப் போய் வரப் பிந்தினால் பஸ் புரண்டுவிட்டது என்றே நினைப்பேன். வாசல் படலையைக் கட்டினோமா என்று மூன்று தரம் போய்ப் பார்ப்பேன். இப்படிப்பட்டவனுக்கு ஆட்களைத் தண்ணீருக்குள் அனுப்புகிற வேலை எப்படிக் கிடைத்தது என்றால், அந்தப் பயத்தால்தான் கிடைத்தது.

எங்கள் கங்காணி மரியாம்பிள்ளை. நாயாற்றுப் பக்கம் பிறந்து, இளமையில் சங்கு குளித்தவர். கடலில் வலது காது போய்விட்டது. அதனால் சாதாரணமாகவே கத்தித்தான் கதைப்பார். கோபம் வந்தால் மட்டும் குரல் இறங்கிவிடும். அவர் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும் வரை நாங்கள் நிம்மதியாக இருப்போம்.

ஒருநாள் எங்கள் எட்டுப் பேரைக் குளக்கட்டில் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார்.

"தண்ணிக்குள்ளை போனவன் வரேல்லையெண்டால் என்ன செய்வாய்?"

ஏழு பேரும் குதிப்போம் என்றார்கள். ஒருவன் நெஞ்சைத் தட்டிச் சொன்னான். என் முறை வந்தது.

"நான் முதல்லை அவனைப் போகவே விடமாட்டன், கங்காணியார்."

எல்லாரும் சிரித்தார்கள். கங்காணியார் சிரிக்கவில்லை. "இவன்தான் கயிறு" என்றார்.

துருசு என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். குளக்கட்டின் அடியால் வாய்க்காலுக்குத் தண்ணீர் போகிற வழி அது. வாயில் ஓர் இரும்புக் கதவு இருக்கும். மேலே கல் மேடையில் நின்று திருகினால் நீண்ட தண்டொன்று அந்தக் கதவைத் தூக்கும். துருப்பிடித்துத் தண்டு கழன்றுவிட்டால் கதவு மூடினபடியே கிடக்கும். அப்போது ஒருவன் மூச்சுப் பிடித்து அடிக்குப் போய், சேற்றுக்குள் தடவி, கதவின் தலையில் இருக்கிற வளையத்தைக் கண்டுபிடித்து, அதில் சங்கிலிக் கொக்கியைக் கொளுவ வேண்டும். பிறகு மேடையில் கப்பி கட்டி, குளக்கட்டில் நின்று எட்டுப் பத்துப் பேர் இழுப்பார்கள். குளம் பாதி நிறைந்திருந்தாலே நாலு பாகம் ஆழம் வரும், ஒரு பாகம் என்றால் ஓர் ஆள் உயரம். தண்ணீர் தேத்தண்ணி நிறம். ஒரு முழத்துக்கு அப்பால் கண் தெரியாது.

இறங்குகிறவர்களில் கெட்டிக்காரன் காசிம். செட்டிகுளத்து ஆள், என் வயதுதான். குளங்களுக்குள்ளேயே வளர்ந்தவன். மெல்லிய உடம்பு, பெரிய நெஞ்சு, வாய் அதைவிடப் பெரிது. அவன் இறங்க நான் கயிறு பிடிப்பது என்று ஏழெட்டு வருடம் நடந்தது.

கங்காணியாரின் முறையை அவர் காட்டித் தந்தபடியே சொல்கிறேன். நாலு வெற்றுத் தார்ப் பீப்பாக்களைக் கட்டி மேலே பலகை அடித்த மிதவையில் நாங்கள் நிற்போம். மிதவையிலிருந்து கல் கட்டிய கயிறொன்று நேரே அடிக்குப் போகும். இறங்குகிறவன் அதைப் பிடித்தே போக வேண்டும், அதைப் பிடித்தே வர வேண்டும். இரண்டாவது கயிறு அவன் இடுப்பில். அதன் முடிச்சை ஒரு நுனியை இழுத்தால் கழலும்படி போடுவோம், அடியில் எதிலாவது சிக்கினால் விடுவிக்க. அந்த நுனி கயிறு பிடிக்கிறவன் கையில் இருக்கும். இறங்க முன் மூன்று மூச்சு, நாலாவது கிடையாது. இறங்கினவுடன் நான் வாய்விட்டு எண்ணத் தொடங்குவேன். அறுபதுக்கு ஆள் வராவிட்டால் கேள்வி இல்லை, இழுக்க வேண்டியதுதான். கீழே இருந்த எண்ணிக்கையைப்போல் இரண்டு மடங்கு மேலே இருந்து ஆற வேண்டும். பீப்பாவில் மூன்று அடி விழுந்தால் கட்டில் நிற்கிற எல்லாரும் கையிலுள்ளதை விட்டுவிட வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது.

கடைசியாக வருவதுதான் தேவராசா தம்பிக்கு விளங்காத விதி. தலை மேலே வந்ததும் ஆள் இரண்டு கையாலும் பலகையைப் பிடிக்க வேண்டும். நான் என் கையை அவன் கக்கத்துக்குள் கொடுத்துக்கொண்டு புதிதாக ஒன்றிலிருந்து முப்பது எண்ண வேண்டும். அந்த முப்பதுக்குள் ஒரு கேள்வி கேட்க வேண்டும். அவன் வாயால் பதில் சொல்ல வேண்டும். கை காட்டுவது, தலை ஆட்டுவது, சிரிப்பது எதுவும் சேராது. பதில் பிழையென்றால் அன்றைக்கு அவனுக்குத் தண்ணீர் இல்லை. ஒவ்வொரு முறையும் புதுக் கேள்வி.

கங்காணியார் கேட்கிற கேள்விகளை நினைத்தால் இன்னும் சிரிப்பு வரும்.

"காசிம், உன்ரை மாமிக்கு எத்தினை பல்லு?"

"அவ கடிக்கேக்கை நான் எண்ணேல்லை, கங்காணியார்."

"சரி. இண்டைக்கு என்ன கிழமை?"

"வியாழன்."

அன்று வெள்ளிக்கிழமை. கங்காணியாரின் குரல் இறங்கியது. "ஜும்மாக் கிழமையை மறந்த ஆளை நான் இறக்கமாட்டன். வீட்டை போ."

காசிம் வாதாடினான். வாய் தவறிவிட்டது என்றான். சும்மா பகிடிக்குச் சொன்னேன் என்றான். ஒன்றும் எடுபடவில்லை. போகும்போது என்னிடம், "கிழவனுக்கு விசர் மச்சான், நான் நல்லாத்தானே இருக்கிறன்" என்றான். எனக்கும் அது கொஞ்சம் கூடத்தான் என்று பட்டது. அடியில் சிக்கிக்கொள்வது, பாம்பு, மரக்கொப்பு, இருட்டு, இவைதான் என் பயங்கள். என் பயமெல்லாம் கீழேதான் இருந்தது. தலை தெரிந்ததும் நெஞ்சிலிருந்து கல்லை எடுத்தமாதிரி இருக்கும். அதற்குப் பிறகு எண்ணுகிற முப்பதை நான் கடமைக்காகத்தான் எண்ணினேன்.

ஒருநாள் கங்காணியாரிடமே கேட்டேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "கடல்லை செத்த ஆக்களைக் கண்டிருக்கிறன்" என்றார். "அடியிலை செத்தவையிலும் பாக்க மேலை வந்து செத்தவை கூட. கடைசி ஒண்டரைப் பாகம்தான் பொல்லாதது. மேலை வந்து சிரிப்பாங்கள், கையும் காட்டுவாங்கள். ஆள் உள்ளுக்கை இல்லை." யார் சிரித்தார்கள், யார் கை காட்டினார்கள் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

இனி நானே அந்த விதியை விட்ட சிறுபோகத்துக்கு, கோடை நெல் பருவத்துக்கு, வருகிறேன்.

நெல் குடலைப் பருவம், கதிர் வெளிவர இருக்கிற நேரம். அந்தக் கிழமை தண்ணீர் போகாவிட்டால் கதிர் பதராகிவிடும். அந்த நேரத்தில் துருசுத் தண்டு கழன்று கதவு மூடியபடியே நின்றுவிட்டது. அந்தத் துருசின் கீழ்தான் ஐயாவின் வயலும் இருந்தது. கங்காணியார் காய்ச்சலில் நாயாற்றுக்குப் போய்விட்டார். போகும்போது, "நான் வரும் வரைக்கும் நீதான்" என்று என்னிடம் சொல்லியிருந்தார். அந்த ஒரு சொல்லுக்காகவே இரண்டு நாளும் கயிறுகளை முழம் முழமாகத் தடவிப் பார்த்தேன்.

காலை எட்டு மணிக்குத் தொடங்கினோம். கட்டில் தங்கள் வயலுக்குத் தண்ணீர் பார்த்து ஐம்பது அறுபது கமக்காரர். ஐயாவும் நின்றார், சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு. எங்கள் மேலதிகாரி ஓவசியர் ஐயா குடையோடு மேடையில் நின்றார். மிதவையில் நானும் இன்னொரு தொழிலாளியும். காசிம் நல்ல சந்தோசத்தில் இருந்தான். ஐந்து நாளைக்கு முன்னர்தான் அவனுக்கு முதல் பிள்ளை, பெண் குழந்தை, பிறந்திருந்தது.

"என்ன பேர் வைக்கப்போறாய்?"

"ஏழாம் நாள் சொல்லுவன். அதுக்கு முன்னம் சொன்னால் மனுசி என்னைக் குளத்துக்கை தள்ளிப்போடுவா."

பிள்ளையைப் பற்றிய கேள்வியைக் கடைசி முறைக்கு வைத்துக்கொள்வோம் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து முறை இறங்கினான். வளையம் சேற்றுக்குள் புதைந்திருந்தது. நாற்பது, நாற்பத்தைந்து எண்ணுவதற்குள் வந்துவிடுவான். "விரல் முட்டுது மச்சான், பிடிபடுதில்லை. இன்னும் ஒரு பத்து எண்ணுற நேரம் கிடைச்சால் காணும்." வெயில் ஏறியது. கட்டிலிருந்து ஒருவர் சத்தம் போட்டார்: "என்ன தம்பியவை, அடியிலை பாய் விரிச்சுப் படுத்திட்டு வாறியளோ?" சிரிப்பு எழும்பியது. இன்னொருவர், "கயிறு பிடிக்கிறவர் ஆளை ஆற விட்டு ஆற விட்டு எங்கடை நெல்லை ஆற விடுறார்" என்றார். அது எனக்குத்தான். ஐயா தலையைக் குனிந்துகொண்டார்.

காசிம் என் முகத்தைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"மச்சான், நான் ஒண்டு கண்டுபிடிச்சு வைச்சிருக்கிறன். இறங்க முன்னம் ஒரு இருவது முப்பது தரம் வேகமா ஊதிப்போட்டுப் போனால் மூச்சே முட்டாது. வீட்டுக் குளத்திலை செய்து பாத்தனான். கங்காணியார் இல்லைத்தானே. ஒருக்கா விடு."

மூன்று மூச்சு, நாலாவது கிடையாது. எனக்கு அது தெரியும். அதற்குள் ஓவசியர் ஐயாவும் மேடையில் இருந்து என்னிடம், "என்ன சிவம், இண்டைக்கு முடியுமோ முடியாதோ?" என்று கேட்டுவிட்டார். நான் காசிமைப் பார்த்து, "ஒருக்காத்தான்" என்றேன்.

அடுப்பு ஊதுகிறமாதிரி ஊதினான். விரல் நுனி விறுவிறுக்கிறது என்று சிரித்தான். இறங்கினான்.

எண்ணினேன். நாற்பத்தைந்து, ஐம்பது. கயிற்றில் அவன் அசைவு தெரிந்தது. ஐம்பத்தைந்து. அறுபது. இழுக்க வேண்டும். கயிறு இன்னும் அசைந்துகொண்டிருந்தது, வேலை செய்கிறான் என்று நினைத்தேன். அறுபத்தைந்து. எழுபது. எழுபத்தொன்றில் இழுக்கத் தொடங்கினேன். அவனும் வந்துகொண்டுதான் இருந்தான். எழுபத்தெட்டில் தலை வெளியே வந்தது.

மிதவையிலிருந்து இரண்டு முழம் தள்ளித்தான் வந்தான். சிரித்தான். வலக்கையைத் தூக்கிச் சுட்டுவிரலைக் கொக்கிபோல் வளைத்துக் காட்டினான். கொளுவிவிட்டேன் என்பதற்கு எங்கள் அடையாளம் அது.

கட்டில் எல்லாரும் கூவினார்கள். என் நெஞ்சிலிருந்த கல் இறங்கியது. நான் முகத்தைக் கட்டுப் பக்கம் திருப்பி, "கொளுவியாச்சு! இழுங்கோ!" என்று கத்தினேன். இடுப்புக் கயிறு சங்கிலியில் சிக்கிவிடுமே என்ற பயம் வேறு. அதனால் முடிச்சின் நுனியை நானே இழுத்துக் கழற்றினேன். கயிற்றைச் சுருட்டிப் பலகையில் வைத்தேன். எண்ணவில்லை, கேட்கவில்லை, கையைக் கொடுக்கவுமில்லை.

திரும்பிப் பார்த்தபோது அவன் இல்லை.

ஒரு சுழி இல்லை. ஒரு குமிழி இல்லை. ஆள் தாழ்ந்தால் கை கால் அடிப்பான், கூப்பிடுவான் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் ஒரு சத்தமும் போடவில்லை. பக்கத்தில் நின்ற தொழிலாளியும் கட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

மேலே அவர்கள் இழுக்கத் தொடங்கிவிட்டார்கள். கதவு திறந்தால் அடியில் இருக்கிற எதையும் துருசு வாய் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். நான் கத்தினேன். அவர்கள் போட்ட கூச்சலில் எனக்கே என் குரல் கேட்கவில்லை. பலகையில் கிடந்த சம்மட்டியை எடுத்துப் பீப்பாவில் அடித்தேன். ஒன்று. இரண்டு. மூன்று. கங்காணியார் பழக்கி வைத்த பழக்கம், எல்லாரும் கையை விட்டார்கள். சங்கிலி சடசடவென்று தண்ணீருக்குள் விழுந்த சத்தம் கேட்டது. அதோடு நான் குதித்தேன்.

மூச்சுப் பிடித்து இறங்குவதில் நான் நல்ல குளிகாரன் இல்லை. கல்லுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். கண்ணைத் திறந்தும் பயன் இல்லை. காலை நாலு பக்கமும் வீசித் தேடினேன். ஒன்றரைப் பாகம் இறங்கியிருப்பேன், முழங்காலில் ஏதோ மெத்தென்று முட்டியது. அவனுடைய முதுகு. நித்திரையில் இருக்கிறவனைப்போல் தளர்ந்து, மெதுவாகக் கீழே போய்க்கொண்டிருந்தான். மயிரைப் பிடித்தேன்.

மேலே தூக்கிப் பலகையில் கிடத்தினோம். உதடு நாவல்பழ நிறம். கண் பாதி திறந்தபடி. கரையிலிருந்து நீந்தி வந்த ஒருவர், "தலைகீழாப் பிடியுங்கோ, வயித்தை அமத்துங்கோ" என்றார். கங்காணியார் அதைக் கூடாது என்று சொல்லியிருந்தார். முகத்தைத் துடை, நாடியை நிமிர்த்து, கண்ணுக்குக் கீழே ஊது, கன்னத்தில் தட்டு, பேரைச் சொல்லிக் கூப்பிடு. மூச்சு உள்ளே அடைபட்டு நிற்கிறது, வாசலைத் தட்டினால் திறக்கும் என்பார். நான் ஊதினேன். தட்டினேன். கூப்பிட்டேன்.

"காசிம்! டேய் காசிம்! பிள்ளைக்கு என்ன பேரடா?"

ஒன்றுமில்லை. திரும்ப ஊதினேன். வாயோடு வாய் வைத்தும் ஊதினேன். எத்தனை முறை என்று தெரியாது. வாழ்க்கையில் எண்ண நினைத்தும் எனக்கு எண்ண வராமல் போன நேரம் அது ஒன்றுதான். பிறகு அவன் நெஞ்சு ஒரு தரம் துள்ளியது. இருமினான். நீளமாக இழுத்தான், படலை கிறீச்சிடுகிறமாதிரி. உதட்டில் நிறம் வந்தது. கண் என்னைப் பார்த்தது.

"கொளுவிப்போட்டனெல்லே?" என்றான்.

கொளுவவில்லை. மேலே சங்கிலியை இழுத்துப் பார்த்தார்கள், வெறுங் கொக்கி வந்தது. கையால் அடையாளம் காட்டினவன் கொளுவவே இல்லை. கொளுவினதாக அவனுக்குப் பட்டிருக்கிறது, அவ்வளவுதான். கொளுவாமல் விட்டதால்தான் கதவு திறக்கவில்லை. கதவு திறக்காததால்தான் அவன் பலகையில் கிடக்கிறான். இதை யோசித்தபடி பலகையில் குந்தி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

கால் மணித்தியாலத்தில் காசிம் எழும்பி இருந்துவிட்டான். சுருட்டு ஒன்று தரச் சொன்னான். ஓவசியர் ஐயா மிதவைக்கே வந்தார். கெட்ட மனுசன் இல்லை. அவருக்கும் மேலிடத்திலிருந்து ஆள் மேல் ஆள்.

"சிவம், ஆள் நல்லாக் கதைக்குது. வளையம் பிடிபட்டுப்போச்சாம். இன்னும் ஒருக்கா விட்டால் சரி."

"ஓம் மச்சான்" என்றான் காசிம். "எனக்கு ஒண்டுமில்லை. கால் வழுக்கினது. நான் மயங்கேல்லை. மேலை வந்தனான், சிரிச்சனான், நீ என்னைப் படுக்கவைச்சிட்டாய்."

அவன் பொய் சொல்லவில்லை. இடையில் போன நேரம் அவனிடம் இருக்கவே இல்லை. நான் அவன் கக்கத்துக்குள் கையைக் கொடுத்துக்கொண்டு கேட்டேன்.

"காசிம், பிள்ளைக்கு என்ன பேர்?"

சிரித்தபடி என்னைப் பார்த்தான். "எந்தப் பிள்ளை?"

ஓவசியர் ஐயா குடையை மடித்தார். கட்டில் நின்றவர்களுக்கு அது கேட்கவில்லை. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், ஆள் எழும்பி இருக்கிறான், சுருட்டுக் குடிக்கிறான், கயிறு பிடிக்கிறவன் விடமாட்டேன் என்கிறான். நான் இரண்டு கயிற்றையும் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு கட்டில் ஏறினேன். கயிறு இல்லாமல் ஒருவரும் இறங்கக் கூடாது என்பது முதலாம் விதி. மருத மரத்தடியில் கயிற்றைப் போட்டு அதன் மேலே குந்தினேன். பேசினார்கள். கேட்க முடியாத பேச்செல்லாம் பேசினார்கள். ஒருவர் ஐயாவிடம் போய், "உங்கடை மோன்தானே, நீங்கள் சொல்லுங்கோ" என்றார். ஐயா என்னைப் பார்த்தார். நெல்லைப் பற்றிச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"அந்தப் பெடியனை வண்டிலிலை ஏத்தி ஆசுப்பத்திரிக்கு அனுப்பு" என்றார். பிறகு வயல் பக்கம் நடந்துவிட்டார்.

ஆசுப்பத்திரியில் வைத்தியம் பார்க்கிற அப்போதிக்கரி ஐயா எனக்கு விளங்கப்படுத்தினார். மூச்சு முட்டுவது காற்றுக் குறைவதால் அல்லவாம், பழுதான காற்று உள்ளே கூடுவதாலாம். ஊதி ஊதி அதை வெளியேற்றிவிட்டால் முட்டுவது பிந்தும். நல்ல காற்று முடிகிறது என்று சொல்ல உடம்பிடம் வேறு மணி இல்லை. அடியில் தண்ணீர் அமத்துகிற வரை இருக்கிற கொஞ்சக் காற்று காணும். மேலே வர வர அமத்தம் குறையும், காற்றின் பலமும் அதோடு குறையும். கடைசி ஒன்றரைப் பாகத்தில் விளக்கு அணைந்துவிடும். மேலே வந்து மூச்சு எடுத்தாலும் அது தலைக்கு ஏறச் சில நொடி பிடிக்கும். கங்காணியார் புத்தகம் இல்லாமல் சொன்னதைத்தான் அவர் புத்தகத்தோடு சொன்னார்.

மூன்றாம் நாள் கங்காணியார் பஸ்ஸில் வந்து இறங்கினார். காய்ச்சல் முற்றாக விடவில்லை. நடந்ததைச் சொன்னேன். ஊதவிட்டதைச் சொன்னேன், அறுபதுக்கு இழுக்காததைச் சொன்னேன், முடிச்சைக் கழற்றினதைச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான். குரல் நன்றாக இறங்கியிருந்தது.

"மேலை வந்தவுடனை என்ன கேள்வி கேட்டனீ?"

"கேக்கேல்லை, கங்காணியார்."

அவர் சட்டையைக் கழற்றினார். காதுக்குள் பஞ்சு வைத்தார். காது போன பிறகு பத்து வருடத்துக்கு மேலாக அவர் இறங்கியதில்லை. "காசிம் ஒரு மாசத்துக்கு வேண்டாம். நான் இறங்கிறன்" என்றார்.

"ஆர் கயிறு?" என்று ஓவசியர் ஐயா கேட்டார்.

"இவன்தான்."

அவர் இடுப்பில் முடிச்சுப் போட எனக்கு மூன்று தரம் பிடித்தது. மூன்று மூச்சு எடுத்தார். இறங்கினார். முப்பத்தைந்துக்கு வந்தார். கக்கத்தைப் பிடித்தேன், எண்ணினேன், கேட்டேன்: "பஸ்ஸுக்கு எந்தச் சந்தியிலை நிண்டனீங்கள்?" சொன்னார். ஆறினார். இறங்கினார். "உங்கடை மாட்டின்ரை பேர் என்ன?" சொன்னார். அப்படியே ஆறு முறை. ஏழாம் முறை நாற்பத்தெட்டுக்குத் தலை வந்தது. விரலை வளைத்துக் காட்டினார். கட்டில் கூவினார்கள். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அவருடைய கண்ணையே பார்த்துக்கொண்டு எண்ணினேன். கேட்கவேண்டிய கேள்வி ஒன்றை மூன்று நாளாக வைத்திருந்தேன். அது வந்துவிட்டது.

"என்னிலை கோவமோ, கங்காணியார்?"

அவர் பலகையை இரண்டு கையாலும் பிடித்தபடி மூச்சு வாங்கினார். கேட்காத காதுப் பக்கம் கேட்டுவிட்டேனோ என்று நினைத்தேன்.

"முப்பது முடிஞ்சுதோ?" என்றார்.

"இல்லை. இருவத்தொண்டு."

"அப்ப எண்ணு."

எண்ணி முடித்த பிறகுதான் இழுக்கச் சொன்னேன். கதவு திறந்தது. தண்ணீர் வாய்க்காலில் விழுந்த சத்தத்தைக் கேட்டு எல்லாரும் ஓடினார்கள். அந்தப் போகம் கடைசி வாய்க்கால் வயல்கள் பாதிதான் விளைந்தன. எங்கள் வயலின் மேல் மூலை பதராகிப்போனது. ஐயா அதைப் பற்றி என்னிடம் ஒருநாளும் கதைக்கவில்லை. நானும் அந்த மூலைப் பக்கம் அந்த வருடம் போகவில்லை.

என் கேள்விக்குக் கங்காணியார் கடைசி வரை பதில் சொல்லவில்லை. அடுத்த முறையும் கயிற்றை என்னிடம்தான் தந்தார், அதற்கு அடுத்த முறையும். அதுதான் பதில் என்று எடுத்துக்கொண்டேன். அவர் போய் இப்போது கனகாலம். அவருக்குப் பிறகு பத்து வருடம் நான் கயிறு பிடித்தேன். ஒருவரையும் தண்ணீருக்குக் கொடுக்கவில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொல்கிறேன். யாராவது கிணற்றில் தலை முழுகி எழும்பினாலும் எனக்கு வாய் தானாக எண்ணும்.

காசிம் இன்னும் செட்டிகுளத்தில்தான் இருக்கிறான். மூச்சுப் பிடிக்கிற வேலையை அடுத்த வருடமே விட்டுவிட்டு வயலோடு நின்றுவிட்டான். மயங்கினதை இன்றைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டான். அவன் வீட்டுக்குப் போனால் சைக்கிளில் இருந்தபடியே, "பிள்ளைக்கு என்ன பேர்?" என்று கேட்பேன். உள்ளேயிருந்து அந்தப் பிள்ளையே, "சுலைகா, மாமா! இறங்குங்கோ, தேத்தண்ணி ஆறுது" என்று சத்தம் போடும்.

ஆகவே தேவராசா தம்பி, பத்தாவது வரியை எடுக்க வேண்டாம். தட்டச்சில் பெரிதாகவே அடியுங்கள். கேள்வி கேட்க வேண்டும் என்பதோடு நிறுத்துங்கள். என்ன கேள்வி என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். எழுதினால் காசிமைப்போல ஒருவன் கீழே போகும்போதே பதிலைப் பாடமாக்கிக்கொண்டு போவான். மேலே வந்து, ஆள் உள்ளே இல்லாமலே, சரியாகச் சொல்லிவிடுவான்.